கடலருகே நன்னீர்: தீர்த்தக் கதைகளும் மணற்கிணறுகளும்

கடலுக்கு மிக அண்மையில் நன்னீர் ஊறுதல் தமிழ் மக்களின் மனத்தை நெடுங்காலமாகக் கவர்ந்து வந்துள்ளது. கீரிமலையிலும் திருச்செந்தூரிலும் இராமேசுவரத்திலும் அத்தகைய ஊற்றுகளைச் சுற்றி மதிலும் படியும் மண்டபமும் எழுந்தன. அவற்றைச் சுற்றிப் புராணமும் எழுந்தது. ஆயின் அதே இயல்புடைய நீரை நம்பிப் பல தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்துவரும் புத்தளம் மாவட்டக் கரையோரத்துக் கிணறுகளைப் பற்றித் தமிழ் எழுத்து மிகக் குறைவாகவே பேசியுள்ளது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. எந்த நீர் எழுதத் தகுந்தது, எந்த நீர் எழுதத் தேவையற்றது என்று நமது எழுத்து மரபு தனக்குள் வகுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றை அது காட்டுகின்றது. அவ்வளவுகோலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். அகப்பொருள் இலக்கண மரபு ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் நீரையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும் கூறிய அம்மரபு, நெய்தலுக்கு மணற்கிணற்றையும் உவர்க்கழியையும் கூறிற்று. இவ்விரண்டு சொற்களும் கற்பிட்டிக் குடாநாட்டின் நில அமைப்பை அப்படியே வரைந்து காட்டுகின்றன எனலாம். மேற்கே கடல், கிழக்கே 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடைய புத்தளம் கடனீரேரி, இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். ஏரிக்கரையில் உப்பு விளைகின்றது. மணலைத் தோண்டினால் குடிநீர் கிடைக்கின்றது. உவர்க்கழியும் மணற்கிணறும் ஒன்றையொன்று அடுத்திருப்பதை இலக்கணகாரர் வியப்பாகக் கொள்ளவில்லை. அதனை அந்நிலத்து வாழ்க்கையின் இயல்பான கூறாகவே கொண்டனர். அது பிற்காலத்துப் புராண நோக்கினின்றும் வேறுபட்ட நோக்காகும்.

சங்க இலக்கியத்திலும் இவ்வியல்பான நோக்கே காணப்படுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, நகரின் புறத்தேயுள்ள குடியிருப்பைச் சொல்லுமிடத்து உறைகிணற்றைக் குறிப்பிடுகின்றது. சுட்ட களிமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணல் சரியாது காக்கும் கிணறே உறைகிணறு. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் நடந்த அகழாய்வுகளில் இத்தகைய கிணறுகள் வெளிப்பட்டமை யாவரும் அறிந்ததே. இங்கு நீர் தெய்வத்தின் கொடையாக மட்டும் நிற்கவில்லை. வளையத்தைச் சுட்டவனின் கைத்திறனும், குழியைத் தோண்டியவனின் உழைப்பும் அச்சொல்லினுள்ளேயே அடங்கியுள்ளன. ஈழத்துக் கரையோர மக்கள் மணலிலே ஆழமின்றித் தோண்டும் குடிநீர்க் குழியைப் பூவல் என்பர்; தோட்டத்துக்கு நீர் இறைக்கும் கட்டில்லாக் கிணற்றைத் துரவு என்பர். உறைகிணறு, பூவல், துரவு ஆகிய மூன்றும் தொழிலின் வழிப் பிறந்த சொற்களாகும்.

இனித் தலபுராணங்களின் உலகினுள் நுழைவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், கடலலை தொடும் தூரத்தில் அமைந்தது கீரிமலைக் கேணி. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடாக நீர் ஊறிக் கேணியை நிறைத்துக் கடலிற் கலக்கின்றது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இதில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒரு கதை. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கு நீராடி அழகிய முகம் பெற்றாள் என்பது மற்றொரு கதை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இக்கதையை வரலாற்றுப் போக்கிலே சொல்லிச் செல்கின்றது. திருச்செந்தூரில் கடற்கரையை ஒட்டிப் பெரிய கிணற்றினுள்ளே சிறு கிணறாக அமைந்த நாழிக்கிணறு, தன் படைகளின் தாகந்தீர்க்க முருகன் வேலாற் பிறப்பித்தது என்பர். இராமேசுவரத் தீவிலே கடலினுள்ளேயே நன்னீர் தரும் வில்லூண்டித் தீர்த்தம், சீதையின் தாகந்தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பர்.

இக்கதைகளை ஒருசேர வைத்து நோக்கும்போது அவற்றின் பொது அமைப்பு புலனாகின்றது. முதலாவது, நீர் ஒரு கணத்திலே பிறக்கின்றது: வேல் பாய்ந்த கணம், வில் ஊன்றிய கணம், முகம் மாறிய கணம். இரண்டாவது, நீரின் பயன் தனியொருவரின் தாகமாகவோ நோயாகவோ சொல்லப்படுகின்றது. மூன்றாவது, கல் சுமந்தவர், கேணி கட்டியவர், சேறு வாரியவர் ஆகியோர் கதையில் இடம்பெறுவதில்லை. கீரிமலைக் கேணிக்குச் சுவர் எழுப்பிய கொத்தனைப் பற்றியோ, நாழிக்கிணற்றின் மணலைத் தடுத்து நிறுத்தும் கல்வேலையைப் பற்றியோ புராணத்துக்கு அக்கறையில்லை. சுருங்கக் கூறின், தலபுராணம் நீரின் பிறப்பைப் பாடிற்று. நீரின் பராமரிப்பைப் பாடவில்லை. உறைகிணறு என்னும் சொல்லில் இருந்த மனிதக் கை தீர்த்தம் என்னும் சொல்லில் மறைந்துபோயிற்று.

இதனாற் புராணங்களை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுதல் திறனாய்வாகாது. பகுத்தறிவு நோக்குடைய எழுத்தாளர் சிலர் அவ்வாறு தள்ளியதுண்டு. அவர்கள் காணத் தவறியது யாதெனின், புராணம் ஒருவகைக் காவலுமாகும் என்பதே. தீர்த்தம் எனப் பெயர்பெற்ற நீரில் அழுக்குத் துணி துவைக்கவும் எச்சிலிடவும் மக்கள் அஞ்சினர். போர்த்துக்கேயர் காலத்தில் கீரிமலைக் கோயில் இடிக்கப்பட்ட பின்னரும் அவ்விடத்தின் நினைவு அழியவில்லை. ஆடி அமாவாசை நாளில் பிதிர்க்கடன் செலுத்தும் வழக்கம் அந்நினைவைக் காத்தது. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்து, அப்பகுதி பல ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்த காலத்திலும், போகமுடியாத கேணியின் பெயரை முதியவர் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். கதை இல்லாத ஒரு நீர்நிலைக்கு இத்தகைய மீட்சி எளிதன்று. ஆகவே வியப்பு என்பது அறியாமையின் விளைவு மட்டுமன்று. நினைவைப் பேணும் ஒரு முறையுமாகும்.

ஆயினும் அக்காவலுக்கு ஓர் எல்லை உண்டு. யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்ற வினாவில் அவ்வெல்லை வெளிப்படையாகத் தெரிகின்றது. குதிரை முகம் நீங்கிய இளவரசி எழுப்பியதாகச் சொல்லப்படும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலேதான் 1968ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. விலங்கு முகத்தையும் மாற்றவல்ல தீர்த்தத்தின் பெருமையைப் பாடிய சமூகம், தன்னுள் ஒரு பகுதியினரைப் பிறப்பின் பெயரால் வாயிலுக்கு வெளியே நிறுத்திற்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தாழ்த்தப்பட்டோர் பொதுக் கிணற்றில் தாமே அள்ள இயலாது, பிறர் அள்ளி ஊற்றும் வரை கிணற்றடியிற் காத்து நின்ற காலம் மிகத் தொலைவானதன்று. 1986இல் மறைந்த கே. டானியல் தமது நாவல்களுள் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். சாதிக் கொடுமையை நீருக்கான உரிமையின் வழியே காட்டும் அந்நாவல், தீர்த்தப் புராணங்களுக்கு நேர் எதிரே வைத்துப் படிக்கத்தக்கது. புராணம் நீர் எவ்வாறு பிறந்தது என வினவிற்று. டானியல் நீர் யாருக்குக் கிடைக்கவில்லை என வினவினார். கலைநயம் பற்றி அவரது எழுத்துமீது சொல்லப்பட்ட குறைகள் எவையாயினும், இவ்வினாவை ஈழத்து நாவலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியமை அவரது சாதனை என்பதில் ஐயமில்லை.

எனினும் டானியலின் வினாவோடும் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. யார் அள்ளுவது என்ற வழக்கு தீர்ந்த பின்னரும், அள்ளுவதற்கு நீர் எஞ்சியிருக்குமா என்ற வினா நிற்கின்றது. இதற்கு விடைகாண நீரின் இயல்பை அறிதல் வேண்டும். மழைநீர் மணலினூடாகவும் சுண்ணாம்புக்கல் வெடிப்பினூடாகவும் கீழிறங்குகின்றது. கடல்நீரிலும் அது அடர்த்தி குறைந்ததாகையால், நிலத்தடியில் ஊடுருவியுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்து நாட்டுக் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனி நாட்டு ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதற்குக் கணக்குக் கூறினர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. அதனை மறுதலையாகவும் படித்தல் வேண்டும். மிகையாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்றாகும்.

இவ்விளக்கம் கீரிமலையின் பெருமையைக் குறைப்பதன்று. மாறாக, பெருமையைக் கடமையாக மாற்றுகின்றது. கீரிமலையில் ஊறும் நீர் கீரிமலையிலே பிறந்ததன்று. குடாநாட்டின் உட்பகுதியில், தோட்டத்திலும் வீட்டு வளவிலும் பெய்த மழையே அது. ஆகவே தீர்த்தத்தைக் காப்பதென்பது கேணிச் சுவருக்கு வெள்ளை பூசுவதோடு முடிவதில்லை. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எரிபொருள் எண்ணெய் கலந்தமை 2010களில் பெரும் வழக்காயிற்று. 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. அந்நிலத்தடி நீரும் கீரிமலையில் ஊறும் நீரும் ஒரே சுண்ணாம்புக்கற் படுகைக்கு உரியவை. கேணியின் மதில் புனிதத்துக்கு எல்லை வகுக்கலாம். நீருக்கு எல்லை வகுக்க இயலாது.

அச்சுண்ணாம்புக்கற் படுகை யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடுவதுமில்லை. மயோசீன் காலத்துக்குரிய அப்பாறை, வடமேற்குக் கரையோரமாக மன்னாரைக் கடந்து புத்தளம் வரை நீண்டு செல்கின்றது. வண்ணாத்திவில்லுப் பகுதியின் ஆழக்கிணறுகள் அப்பாறையினின்றே நீர் பெறுகின்றன. புவியியலின் கண்ணில் கீரிமலை ஊற்றும் வண்ணாத்திவில்லுக் கிணறும் ஒரு பாறையின் நீர்களே. ஆயின் ஒன்று புராணமும் கேணியும் திருவிழாவும் பெற்றது. மற்றது பெயர்கூடப் பெறவில்லை.

பெயரின்மையின் விலை யாது என்பதைப் புத்தளம் கரையோரத்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. கற்பிட்டி மணல் நிலத்தில் வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய பயிர்கள் கிணற்று நீரைக்கொண்டு ஆண்டு முழுவதும் செய்கை பண்ணப்படுகின்றன. மணல் நீரைத் தங்கவிடாது; ஆகவே அடிக்கடி இறைத்தல் வேண்டும், அடிக்கடி உரமிடுதல் வேண்டும். இட்ட உரத்தின் ஒரு பகுதி இறைத்த நீரோடு மீண்டும் கிணற்றுக்கே போய்ச் சேர்கின்றது. 1980கள் தொட்டு நடந்த ஆய்வுகள், இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதைக் காட்டியுள்ளன. அவ்வெல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணாற் காண முடியாதது. உவர்ப்பை நாக்கு உணரும். இதனை நாக்கும் உணராது. பாற்போத்தலில் இந்நீரைக் கலந்து குடிக்கும் கைக்குழந்தைக்கே இதனால் வரும் தீங்கு மிகுதி.

இந்த மணல்நீரின்மேல்தான் 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மற்றொரு பாரமும் விழுந்தது. விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாடு உட்பட, தஞ்சம் புகுந்தனர். ஓலைக் கொட்டில்களுக்கு இடையே தோண்டிய கிணறுகளும், அவற்றுக்குச் சில அடி தூரத்தே தோண்டிய மலக்குழிகளும் ஒரே மணலில் இருந்தன. ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவரும் புதிதாக வந்தவரும் ஒரே வில்லை நீரைப் பகிர்ந்து கொண்டனர். இடப்பெயர்வைப் பற்றிய எழுத்தில் இழந்த ஊரின் துயரமே பெரிதும் பேசப்படுகின்றது, அது இயல்பே. வந்துசேர்ந்த ஊரின் கிணற்றடியில் நாள்தோறும் நடந்த பகிர்வையும் பிணக்கையும் விரிவாகச் சொல்லும் படைப்புக்கு இன்னும் இடமுண்டு.

2018, 2019ஆம் ஆண்டுகளில் கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அருவாக்காலுவில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக இப்பகுதி மக்கள் நெடுநாட் போராட்டம் நடத்தினர். அருவாக்காலு, சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்ட இடமாகும். வெடிப்புகள் நிறைந்த அப்பாறையினூடே கழிவுநீர் கசிந்து நிலத்தடி நீரையும் ஏரியையும் சேரும் என்பது மக்களது அச்சம். அப்போராட்டத்தில் அவர்கள் முன்வைத்தவை சுகாதாரமும் தொழிலும் பற்றிய நியாயங்கள். அவை வலிமையான நியாயங்களே. ஆயினும் கீரிமலை போன்று நாடறிந்த பெயரொன்று அந்நீருக்கு இருந்திருப்பின், அதனைப் பாறைக்குழி என்று மட்டும் வரைபடத்தில் குறித்துச் செல்வது அத்துணை எளிதாயிருந்திராது. எழுத்தின் மௌனம் எழுத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

அவ்வாறாயின் புத்தளத்துக் கிணறுகளுக்கும் புதிய புராணம் படைத்துவிடலாமா? அது தீர்வாகாது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இதற்கோர் எச்சரிக்கை. ஏழு சிறு கிணறுகளில் வெவ்வேறு வெப்பநிலையில் நீர் ஊறும் அவ்விடத்தை, இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தோற்றுவித்தான் என்பது தமிழர் வழக்கு. 2019இல் அவ்விடம் எந்த மதத்தாருக்கு, எந்த மரபுக்கு உரியது என்ற பிணக்கு முற்றிற்று. உரிமை பற்றிய அவ்வினா அற்பமானதன்று. ஆயினும் பிறப்புக் கதை உரிமைப் பத்திரமாக மாறும்போது, ஊற்று யாருடையது என்ற ஒரே வினா எஞ்சுகின்றது. ஊற்றின் நீர் எங்கிருந்து வருகின்றது, அதனை எவ்வாறு காப்பது என்ற வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன.

வேறொரு வழி உண்டு என்பதற்கு இங்கிலாந்தின் கடற்கரை நகரான ஸ்கார்பரோவைக் காட்டலாம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குக் கடற்குன்றின் அடியிலே கனிமச் சுவையுடைய ஊற்றொன்று கண்டறியப்பட்டது. நோய் தீர்க்கும் நீர் எனப் புகழ்பெற்று, அதன் அருகே கட்டடமும் எழுந்தது. வைத்தியர் ரொபேட் விற்றி 1660இல் அந்நீரின் குணங்களை விரித்து நூல் எழுதினார். வில்லியம் சிம்சன் 1669இல் அதனை மறுத்து எழுதினார். நீரில் அடங்கியது இரும்பா, படிகாரமா, வேறு உப்பா என அச்சிலே வாதம் நடந்தது. அவ்வாதத்தில் வணிக நோக்கமும் தற்பெருமையும் இல்லாமலில்லை. அந்நகருக்குச் சென்று நீர் பருகியோர் வசதி படைத்தோரே. எனினும் ஊற்றைப் பற்றிய எழுத்து, சோதிக்கத்தக்கதாகவும் மறுக்கத்தக்கதாகவும் அங்கே மாறிற்று. 1737இல் குன்று சரிந்து கட்டடம் அழிந்தபோது நகரத்தார் ஊற்றை மீண்டும் தேடிக் கண்டு கட்டினர். புகழ்ச்சியோடு விசாரணையும் சேர்ந்த எழுத்து அந்நீருக்கு வாய்த்தது.

அத்தகைய விசாரணை உரைநடை புத்தளம் கரைக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலை 1834இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் ‘தமிழ் புளூராக்’ 1859இல் வெளிவந்தது. இலக்கிய வரலாற்று மாணவர் பின்னதைப் போற்றினர். முன்னதைப் பெரும்பாலும் புவியியலாளருக்கு விட்டுவிட்டனர். இரண்டும் ஆங்கிலத்தில் அமைந்தமை அக்காலச் சூழலின் விளைவு. ஆயினும் புலவரைத் தேடிய அதே கண் ஊரையும் நீரையும் தேடிற்று என்பதே கருத்திற் கொள்ளத்தக்கது. அவ்விரு தேடல்களையும் பிரித்து வைத்தது பிற்காலக் கல்வி முறையே.

ஆகவே நமது மரபில் மூன்று குரல்கள் தனித்தனியே நிற்கின்றன. திணை இலக்கணம் நீரை நிலத்தின் இயல்பாகக் கண்டது. ஆனால் பட்டியலோடு நின்றது. புராணம் நீரை நினைவிற் பதித்தது. ஆனால் உழைப்பையும் உரிமையையும் மறைத்தது. டானியலின் நாவல் உரிமையை நிலைநாட்டிற்று. ஆனால் நீரின் ஆயுள் அதன் வினாவாக இருக்கவில்லை. இம்மூன்றையும் இணைக்கும் எழுத்தே இன்று வேண்டப்படுவது. அதற்குப் பெருங்காவியம் தேவையில்லை. கற்பிட்டியிலோ உடப்பிலோ புத்தளத்திலோ இருந்து வரும் மாணவர் ஒருவர் தமது ஊர்க் கிணற்றைப் பற்றி எழுதலாம்: அதனைத் தோண்டியவர் யார், கட்டியவர் யார், முன்பு அள்ள மறுக்கப்பட்டவர் யார், ஒக்டோபர் மழைக்குப் பின்னும் ஓகஸ்ட் வறட்சியிலும் அதன் சுவை என்ன, எந்த ஆண்டிலிருந்து அதனைக் குடிப்பதை நிறுத்தினர். கலைப்பீட மாணவரின் குறிப்போடு விஞ்ஞானபீட மாணவரின் நீர்ச்சோதனை அளவும் ஒரே பக்கத்தில் வருதல் வேண்டும். மணற்கிணறு என்ற சொல்லை இலக்கண நூலிற் படித்து மனனம் செய்வோர், அது வற்றுவதற்கு முன் அதனருகே சென்று நிற்றல் அச்சொல்லுக்குச் செய்யும் உரையாகும்.